பெயர் பட்டமான வரலாறு



அரசனைக் குறிப்பதற்கு இரசிய மொழியிலே வழங்கும் சொற்களுள் ஒன்று ‘கொரோல்’ என்பது. அதனையே போலந்து நாட்டார் ‘க்ரூல்’ என்பர். செக்கு மொழியாளர் ‘க்ரால்’ என்பர். தெற்கே சேர்பியரும் குரோசியரும் பல்கேரியரும் வழங்கும் சொல்லும் ஏறக்குறைய ‘க்ரால்’ என்றே ஒலிக்கும். இம்மொழிகள் யாவும் சிலாவிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளின் முகச்சாயலைக் கண்டு தாயின் முகத்தை ஊகிப்பது போல, இச்சொற்களை ஒப்புநோக்கி இவற்றுக்கு மூலமாக நின்ற சொல் எவ்வாறு இருந்திருத்தல் கூடும் என்பதை மொழிநூலார் கணித்துள்ளனர். ‘கொர்லி’ என்பதே அம்மூலச் சொல். அதன் ஈற்றிலுள்ள இகரம் முழு மாத்திரை பெறாதது. நம் இலக்கண நூலார் குற்றியலிகரம் என்பரே, அது போன்றதோர் ஒலி என்று கொள்ளலாம். லகரமும் நாவை மேலே அழுத்தி மென்மையாக ஒலிக்கப்பட்டது.

இத்தகைய சொற்களை எழுதும்பொழுது மொழிநூலார் அவற்றின் முன்னே ஓர் உடுக்குறியை இடுவர். 19ஆம் நூற்றாண்டிலே ஆகஸ்டு சிலைகர் என்னும் யேர்மன் அறிஞர் இவ்வழக்கத்தைப் பரப்பினார். இச்சொல்லை எவரும் எழுதிவைத்ததாக நாம் கண்டிலேம், கணித்தே கூறுகின்றோம் என்பதே அக்குறியின் பொருள். கால்டுவெல் 1856 இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தின் பின்னர், திராவிட மொழிகளை ஆராய்ந்தோரும் இதே ஒப்பியல் முறையைக் கைக்கொண்டு பண்டைச் சொல்வடிவங்களைத் தேடியதை நேயர்கள் அறிவர்.

இனி, ‘கொர்லி’ என்னும் சொல்லின் பிறப்பை நோக்குவோம். சிலாவிய மொழிகளிலே இதற்கு ஏற்ற வேர்ச்சொல் இல்லை. ஆளுதல், காத்தல், உயர்தல் முதலிய பொருள் தரும் எந்த வினையடியோடும் இது பொருந்தவில்லை. வேரில்லாத மரம் தானாக முளைத்திராது. எவரோ கொண்டுவந்து நட்டதாகவே இருத்தல் வேண்டும். நட்டவர் யார்? மாக்ஸ் வாஸ்மர் முதலாய சொற்பிறப்பு நூலார் பலரும் கூறும் விடை ஒன்றே. இது பொதுச்சொல்லாகப் பிறந்ததன்று. ஒரு மனிதனின் பெயராகப் பிறந்தது. அம்மனிதன் பிராங்கியரின் பேரரசனாகிய கார்ல். பிரெஞ்சு வழக்கைத் தழுவி ஆங்கில நூல்கள் இவனைச் சார்லிமேன் என்று கூறும்.

கார்ல் 768 இல் அரியணை ஏறினான். 772 இல் சாக்சனியரோடு தொடங்கிய போர் 804 வரை நீடித்தது. 800ஆம் ஆண்டு கிறித்துப் பிறப்பு நாளன்று உரோமாபுரியில் மூன்றாம் லியோ என்னும் பாப்பரசர் அவனுக்கு முடிசூட்டினார். 814 சனவரியில் ஆகன் நகரிலே அவன் மாண்டான். அவனுடைய அவையில் வாழ்ந்து அவன் வரலாற்றை எழுதிய ஐன்கார்ட் என்பவர் சுவையானதொரு செய்தியைத் தருகின்றார். எழுதக் கற்கவேண்டும் என்னும் ஆசையால் பேரரசன் எழுது பலகைகளைத் தலையணையின் கீழ் வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைத்த போதெல்லாம் கையைப் பழக்கினானாம். காலம் கடந்து தொடங்கியமையால் அம்முயற்சி பெரிதும் கைகூடவில்லையாம். இவனுடைய பெயரைத் தம் மொழியில் ஏற்றுக்கொண்ட சிலாவியருக்கோ அக்காலத்தில் எழுத்தே இல்லை. சிரில், மெதோடியசு என்னும் உடன்பிறந்தார் இருவர் மொராவியாவுக்கு அனுப்பப்பட்டு, சிலாவிய மொழிக்கெனச் சமைத்த எழுத்தைப் பரப்பத் தொடங்கியது 863ஆம் ஆண்டளவிலே. ஆதலின் இப்பெயர் சென்ற வழி ஏட்டு வழியன்று; செவி வழி.

சிலாவியரின் செவிக்கு அப்பெயர் எவ்வாறு எட்டியது? எல்பே ஆறும் அதன் கிளையாகிய சாலே ஆறும் அன்று பிராங்கியருக்கும் சிலாவியருக்கும் இடையே எல்லை போலக் கிடந்தன. 789 இல் கார்ல் எல்பேயைக் கடந்து வில்சியர் என்னும் சிலாவிய மக்கள்மீது படையெடுத்தான். அவர்தம் தலைவன் திரகோவித் பணிந்தான். வில்சியரின் பகைவராகிய ஒபோதிரித்தரோ கார்லின் நண்பராக நின்று சாக்சனியரை எதிர்த்தனர். தென்கிழக்கில் 788 இல் பவாரியா அவன் கைக்கு வந்தது. அதனோடு ஆல்ப்சு மலைச்சாரலில் வாழ்ந்த சிலாவியரும் அவன் ஆட்சியின் கீழாயினர். 791 இல் தொடங்கிய போரின் விளைவாகச் சில ஆண்டுகளில் அவாரியரின் வல்லரசு நிலைகுலைந்தது. அவ்வல்லரசின் நிழலிலே சிலாவியர் பலர் நெடுங்காலம் வாழ்ந்தவர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. 805 இல் பொகீமியாவின்மீதும், 806 இல் சோர்பியர்மீதும் பிராங்கியப் படைகள் சென்றன. அப்படைகளை நடத்தியவன் பேரரசனின் மகன். அவனுக்கும் கார்ல் என்பதே பெயர்.

போர் மட்டுமன்று, வணிகமும் இருந்தது. 805 இல் பேரரசன் பிறப்பித்த கட்டளையொன்று, சிலாவியரோடும் அவாரியரோடும் வாணிகஞ் செய்யச் செல்வோர் எவ்வெவ்வூர் வரை செல்லலாம் என்று வரையறுத்தது. மக்டபூர்க், எர்பூர்ட், ரேகன்ஸ்பூர்க் முதலிய ஊர்கள் அதிலே குறிக்கப்பட்டுள்ளன. படைக்கலங்களையும் கவசங்களையும் கொண்டுசென்று விற்றல் ஆகாது என்பதும் அக்கட்டளை. ஆகவே அந்த எல்லையில் வாழ்ந்த ஒரு சிலாவியக் குடியானவனை எண்ணிப் பாருங்கள். திறை கேட்பவன் கார்லின் ஆள். சந்தையிலே தடை செய்பவன் கார்லின் ஆள். படையோடு வருபவனும் கார்லே. தந்தை போன பின் மகன் வருகின்றான், அவனும் கார்ல். பின்னர் அந்த மரபிலே ‘வழுக்கைத் தலையன்’ எனப்பட்ட கார்ல் ஒருவன் 877 வரையும், ‘பருத்தவன்’ எனப்பட்ட கார்ல் இன்னொருவன் 888 வரையும் வாழ்ந்தனர். எல்லைக்கு அப்பாலிருந்து ஆள்பவன் எவனாயினும் அவன் ‘ஒரு கார்ல்’ என்று அம்மக்கள் கருதத் தலைப்பட்டதில் வியப்பில்லை. யூலியசு சீசரின் குடும்பப் பெயர் யேர்மனியிலே ‘கைசர்’ ஆகவும் இரசியாவிலே ‘சார்’ ஆகவும் ஆகிப் பேரரசரின் பட்டமாய் அமர்ந்தது நாமெல்லாம் அறிந்ததே. இதுவும் அவ்வாறானதே.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. என் எண்ணத்தில் இவ்வரலாற்றின் மிகச் சுவையான பகுதி அதுவே. சீசரின் பெயரைப் பட்டமாகக் கொண்டவர் முதலில் அவனுடைய சொந்த மக்களாகிய உரோமரே. கார்லின் பெயருக்கோ அவனுடைய சொந்த மொழியினரிடத்தில் அச்சிறப்புக் கிட்டவில்லை. யேர்மன் மொழிகளிலே ‘கார்ல்’ என்பதற்கு ஆடவன், கணவன் என்பதே பழம்பொருள். அம்மொழிகளிலே அச்சொல் காலப்போக்கில் மேலே ஏறவில்லை, கீழேதான் இறங்கியது. பண்டை இங்கிலாந்திலே அதன் இனச்சொல் உரிமையுடைய குடிமக்களுள் கடைப்படியினரைக் குறித்தது. இன்றைய ஆங்கிலத்தில் அது ‘சேர்ல்’ என்றாகி, நாகரிகமற்ற முரடனைக் குறிக்கின்றது. யேர்மனில் ‘கெர்ல்’ என்றால் ‘ஆசாமி’ என்பது போன்ற பொருள். ஒரே சொல் மேற்கிலே ஆசாமியாக நிற்க, கிழக்கிலே, அதுவும் அவன் வாளுக்கு அஞ்சியவர் நாவிலே, மன்னனாக வீற்றிருக்கின்றது.

இனி ஒலிகளின் சான்றைக் காண்போம். ‘கார்ல்’ என்பதிலுள்ள உயிர் அக்காலத்தில் குற்றுயிர், அகரம். அது ‘கொர்லி’யில் ஒகரமானது ஏன்? சிலாவியரின் பழைய குறில் அகரம் யாண்டும் ஒகரமாகத் திரிந்தமையே காரணம். பலகணியைக் குறிக்கும் ‘ஒகுனோ’ என்னும் சிலாவியச் சொல்லைப் பின்லாந்தியர் மிக முன்னரே கடன்கொண்டு ‘அக்குனா’ என வழங்குகின்றனர். அவர்கள் கேட்ட காலத்தில் அது அகரமாகவே ஒலித்தது என்பது இதனால் விளங்கும்.

இதனினும் முக்கியமானது வேறொரு விதி. பழஞ் சிலாவிய மொழி, அசையின் இறுதியில் மெய்யொலி நிற்பதை வெறுத்தது. ‘கொர்’ என்று ரகரம் அசையை மூடி நிற்பதை அது பொறுக்கவில்லை. அந்நிலையை ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு வகையாகத் தீர்த்துக்கொண்டது. இரசியர் முதலாய கிழக்குக் கிளையினர் ரகரத்தின் பின்னும் ஓர் ஒகரத்தை இட்டனர்: கொரோ. போலந்தினர் ரகரத்தை முன்னுக்குத் தள்ளினர்: க்ரொ. அதுவே இச்சொல்லிற் பின்னர் ‘க்ரூ’ ஆயிற்று. தெற்கினரும் செக்கரும் அவ்வாறே தள்ளி, உயிரையும் ஆகாரமாக்கினர்: க்ரா. நேயர்கள் நன்கறிந்த ஊர்ப் பெயர்களைக் கொண்டே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். அரண் சூழ்ந்த இடத்தைக் குறிக்கும் ‘கொர்து’ என்னும் பழஞ்சொல்லுக்கு இரசியாவின் நொவ்கொரொதிலே ‘கொரொத்’ என்னும் வடிவம். சேர்பியர் தலைநகராகிய பெல்கிரேட்டை அந்நாட்டார் பெயோகிராத் என்பர், அங்கே ‘கிராத்’. செக்கு மொழியில் ‘ஹ்ராத்’, போலந்தில் ‘க்ருத்’. 1924 முதல் 1991 வரை லெனின்கிராத் என வழங்கிய நகரம் இரசியாவிலேயே இருந்தும் ‘கிராத்’ என்று முடிந்ததேன் என்று நீங்கள் கேட்கலாம். தெற்கிலிருந்து வந்த திருச்சபை மொழியின் வடிவம் அது; இரசியர் காதுக்குச் சற்றே பெருமிதமாக ஒலிப்பது. பசு, தலை முதலியவற்றைக் குறிக்கும் சொற்களும் இவ்விதிக்கு அமைந்தே நடக்கின்றன.

‘கொர்லி’யும் அதே விதியின்படி, சிறிதும் பிறழாமல், கொரோல், க்ரூல், க்ரால் என்று பிரிந்துள்ளது. இங்கேதான் வரலாற்றாசிரியர் நிமிர்ந்து உட்காருகின்றனர். சிலாவியருள் இவ்வொலித்திரிபு எப்போது நிகழ்ந்தது என்று கூறும் ஏடு எதுவும் இல்லை. ஆனால் கார்ல் எப்போது வாழ்ந்தான் என்பது நமக்குத் தெரியும். அவன் பெயர் பழைய வடிவத்திலே சிலாவிய மொழிக்குட் புகுந்து, ஏனைய சொற்களோடு ஒருங்கே திரிந்ததாயின், 800ஆம் ஆண்டளவிலே அத்திரிபு இன்னும் முற்றுப்பெறவில்லை. ஆட்ரியாட்டிக் கடலோரந் தொட்டு நொவ்கொரொது வரை பரந்த மக்கள் அப்போதும் ஏறத்தாழ ஒரு மொழியே பேசினர் என்று ஆகின்றது. ஒரு பெயர் நாழிகை வட்டிலாக நின்று காலம் காட்டுகின்றது.

இந்த நாழிகை வட்டிலை நம்பாதாரும் உளர். அண்டை அண்டையாக வாழும் மக்கள், ‘நாம் கிராத் என்பதை அவர்கள் கொரொத் என்கின்றனர்’ என்பதை எளிதில் உணர்வர். ஆகவே பிற்காலத்தில் பரவிய சொல்லையும் தத்தம் ஒலிக்கேற்ப மாற்றிக்கொண்டிருக்கலாம் என்பது அவர் வாதம். பழஞ் சிலாவிய நற்செய்தி மொழிபெயர்ப்புக்களில் அரசனைக் குறிக்க வருவது சீசர்வழிச் சொல்லே என்பதையும் அவர் எடுத்துக்காட்டுவர். வேறு சிலர், தனியொருவன் பெயர் வேண்டியதில்லை, ‘கார்ல்’ என்னும் பொதுச்சொல்லிலிருந்தே இது வந்திருக்கலாம் என்பர். ஆடவன் என்னும் பொருளுடைய சொல்லைக் கேட்டவர் அதனை அரசனுக்கு இட்டனர் என்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. முதல் வாதத்துக்கு வலிமை உண்டு. ஆயின் அது தளர்த்துவது காலக் கணிப்பை மட்டுமே. பெயர் கார்லுடையது என்பதை அது அசைப்பதில்லை.

இச்சொல் நாடுதோறும் பெற்ற மதிப்பு ஒரு தன்மையதன்று. மேற்கிலும் தெற்கிலும் அது சொந்த மன்னரின் பட்டமாயிற்று. 1025 இல் முடிசூடிய போலந்தின் பொலெசுலாவும், 1085 இல் அரசப் பட்டம் பெற்ற பொகீமியாவின் விராத்திசுலாவும், 1217 இல் முடிபுனைந்த சேர்பியாவின் ஸ்தெபானும் தத்தம் மொழியில் ‘கார்ல்’ ஆயினர். சேர்பியாவின் தூசான் என்பவனுக்கு இது போதவில்லை. 1346 இல் அதனைக் களைந்து சீசரின் பெயரைச் சூடிக்கொண்டான்.

இரசியாவிலோ நிலைமை வேறு. அங்கே ஆண்டவர் முதலில் ‘க்னியாசு’. அதுவும் கடன்சொல்லே, ஆங்கிலேயர் ‘கிங்’ என்பதற்கும் அதற்கும் மூலம் ஒன்று. 1547 இல் நான்காம் இவான் ‘சார்’ என முடிசூடினான். இடையிலுள்ள ‘கொரோல்’ அவர்க்கு அயலார் மன்னனைக் குறிக்கும் சொல்லாகவே நின்றது. சேக்சுபியரின் லியர் மன்னன் இரசிய மேடையிலே ‘கொரோல் லியர்’. கிழக்குச் சிலாவியருள் அப்பட்டத்தைத் தாமே ஏற்றவருள் பெயர் பெற்றவர் காலீசியாவின் தானியேல். 1253 இல் அவருக்கு முடிசூட்டியவர் பாப்பரசரின் தூதர் என்பதே அச்சொல் எத்திசையிலிருந்து வந்தது என்பதைக் காட்டும். அரசனைக் குறிக்கும் மூன்று சொற்களும் பிறரிடம் பெற்றவையாக இருந்தும், அவற்றின் வரிசைபற்றி எழுந்த பூசல் சிறிதன்று. இவானின் ‘சார்’ பட்டத்தைப் போலந்தின் ‘க்ரூல்’ மன்னர் நெடுங்காலம் ஏற்க மறுத்தனர். கடிதத்தில் எப்பெயரால் விளிப்பது என்பதே தூதர்களுக்குப் பெருஞ் சிக்கலாயிற்று.

சிலாவியரோடு இச்சொல் நின்றுவிடவில்லை. அங்கேரியர் வேறு மொழிக் குடும்பத்தினர். அவர் மொழியில் அரசன் ‘கிராய்’. இலித்துவேனியர் ‘கராலியுசு’ என்பர். துருக்கியர் ‘க்ரால்’ என்பர். உருமேனியரிடத்தில் ‘க்ராய்’ உண்டு. கிரேக்கரும் சேர்பிய மன்னரை ‘க்ராலிசு’ என அழைத்தனர். 1282 முதல் 1321 வரை ஆண்ட சேர்பிய மன்னன் மிலுத்தின் கான்ஸ்தாந்திநோபிளில் ஒரு மருத்துவசாலை அமைத்தான். அந்நகரத்தார் அதனைக் ‘க்ராலின் மருத்துவசாலை’ என்றே வழங்கினர். மூலிகைகளைப் பற்றிய தியோஸ்கோரிதீசு என்பாரின் புகழ்பெற்ற பழைய ஏடு, இன்று வியன்னாவில் இருப்பது, 1406 இல் அம்மருத்துவசாலையிலே புதிதாகக் கட்டமைக்கப்பட்டது.

சேர்பியரின் நாட்டுப் பாடல்களிலே தலைசிறந்த வீரன் ‘க்ராலியேவிச் மார்க்கோ’, அதாவது அரசன் மகன் மார்க்கோ. வரலாற்று மார்க்கோ துருக்கியருக்குத் திறைகொடுத்த சிற்றரசன். 1395 இல் ரோவினேப் போரிலே துருக்கியர் பக்கத்தில் நின்று மடிந்தவன். பாட்டில் அவனே துருக்கியரை நடுங்கவைப்பவன். அவன் தந்தை வுகாசின் 1365 இல் மன்னனானதால் வந்தது அந்தப் பட்டப்பெயர்.

சொல் எவ்வளவு தூரம் வழிதவறக்கூடும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. முயலினத்தைச் சேர்ந்த குழிமுயலை இலத்தீனில் ‘குனிகுலுசு’ என்பர். அது யேர்மனுக்கு வந்தபோது ‘கூனிக்லின்’ என்றாயிற்று. யேர்மன் தெரிந்த காதுக்கு அது ‘குட்டி அரசன்’ என்பது போலக் கேட்டது. அதனை அப்படியே மொழிபெயர்த்துப் போலந்தினர் அவ்விலங்கைக் ‘க்ரூலிக்’ என்றனர். செக்கர் ‘க்ராலீக்’ என்றனர். இரசியரும் ‘க்ரோலிக்’ என்கின்றனர். நாம் முன்னர்க் கண்ட விதி இங்கே கைகொடுக்கின்றது. இரசியர் தாமே ஆக்கிய சொல்லாயின் ‘கொரோ’ என்று தொடங்கியிருத்தல் வேண்டும். அவ்வாறு தொடங்காமையால் அது போலந்திலிருந்து வந்தது என்பது தெளிவு. சாக்சனியரை முப்பதாண்டு எதிர்த்துப் பொருத பேரரசனின் பெயரைப் பூண்டு, அச்சிறு பிராணி கிழக்கு ஐரோப்பாவின் தோட்டங்களிலே கீரை தின்றுகொண்டிருக்கின்றது.

ஊர்ப் பெயர்களுள் இரண்டைச் சொல்லி முடிக்கின்றேன். மாஸ்கோவுக்கு அருகே கலீனின்கிராத் என்றொரு நகரம் இருந்தது. சோவியத்து ஏவூர்திகளை அமைத்த செர்கெய் கொரோலியேவ் பணியாற்றிய இடம் அது. 1957 இல் முதற் செயற்கைத் துணைக்கோளையும், 1961 இல் ககாரினையும் விண்ணுக்கு அனுப்பியவர் அவர். 1966 இல் இறக்கும்வரை அவர் பெயர் உலகுக்கு மறைக்கப்பட்டிருந்தது. கொரோலியேவ் என்னும் குடிப்பெயர் ‘கொரோல்’ என்பதன் வழி வந்ததே. 1996 இல் அந்நகருக்கு அவர் பெயரைச் சூட்டினர். மற்றொரு கலீனின்கிராத் பால்டிக் கடலோரத்தில் இன்றும் உண்டு. 1946 வரை அது கேனிக்ஸ்பெர்க், அதாவது அரசன் மலை. பொகீமிய மன்னன் இரண்டாம் ஒத்தோகாரின் சிறப்பிற்காக 1255 இல் அப்பெயர் பெற்றது. ஒத்தோகாரைச் செக்கர் ‘க்ரால்’ என்றே அழைப்பர். போலந்து மொழியிலே அந்நகருக்கு நெடுநாளாக வழங்கிய பெயர் ‘க்ரூலேவியெத்ஸ்’. 2023 மே மாதத்தில் போலந்து அரசின் பெயராய்வுக் குழு, கலீனின்கிராத் என்பதை விட்டு அப்பழம் பெயரையே வழங்குமாறு பரிந்துரைத்தது. இரசிய அரசு அதற்குக் கடுங் கண்டனம் தெரிவித்தது.